பத்து நாளில் பவளப்பாறையா? போங்கய்யா!

ஆணி அதிகமாயிட்டதால இந்தக் கடையைத் திறந்தே மூணு மாசமாச்சு. இன்னைக்கும் திறந்திருக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கண்ணசர்ற நேரத்துல மச்சினன்கிட்டேர்ந்து போன்.

"மாமா, எல்லாம் போச்சு மாமா."

பதறி எழுந்து உக்காந்துட்டேன். மாமியாருக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சு தங்கமணி பக்கம் திரும்பறேன், அதுக்குள்ள அவன் தொடர்றான். "நீமோ ரெண்டும் காலைல மிதக்குது. டோரி நேத்தே போயிடுச்சு. பூ மாதிரி ஒண்ணு கொடுத்தாங்களே, அது கரைஞ்சு தண்ணியே மோர் மாதிரி ஆயிடுச்சு. நாத்தம் தாங்கலை. நமக்கு ராசி இல்ல போல மாமா."

"டேங்க் வாங்கி எத்தனை நாள்டா ஆச்சு?"

"பன்னெண்டு நாள்."

"மீன் விட்டு?"

"ஒம்போது நாள். மூணு நாள் மோட்டார் ஓட்டினா போதும், நாலாவது நாள் மீன் விடலாம், பத்து நாள்ல பவளப்பாறையே ரெடின்னு கடைல சொன்னாங்களே."

அந்த "சொன்னாங்களே"வுக்காகத்தான் இந்தப் பதிவு. கோபத்துல எழுதறேன். கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்குங்க. பொறுக்க முடியாதவங்க பின்னூட்டத்துல வந்து கும்முங்க.

அவனுக்கு வித்தது என்னன்னு முதல்ல சொல்லிடறேன். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்துல ஒரு கண்ணாடித் தொட்டி. விளிம்பு வரைக்கும் ஊத்தினாலே 55 லிட்டர்தான் பிடிக்கும். மணலும் கல்லும் போனா 45, 50 லிட்டர் மிஞ்சும். அதுக்குள்ள ரெண்டு க்ளவுன் மீன், ஒரு ப்ளூ டேங், ஒரு அனிமோன் (தமிழ்ல அழகா கடல் சாமந்தின்னு பேர்), கை அகலத்துக்கு ஒரு பவளத் துண்டு. ப்ளூ டேங்தான் சினிமால வர்ற டோரி. வளர்ந்தா கிட்டத்தட்ட ஒரு அடி, 30 சென்டிமீட்டர் வரும். தொட்டியோட அகலமே ஒரு அடி. அதாவது அந்த மீன் நல்லபடியா வளர்ந்திருந்தா திரும்பக்கூட முடியாது. வித்தவருக்கு இது தெரியாதா? தெரியும். அது வளர்ற வரைக்கும் உயிரோட இருக்காதுங்கறதும் தெரியும். அதனாலதான் வித்தார்.

இப்ப இந்த ராசி விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ல மீன்தொட்டிக்கும் ராசிக்கும் ஒரு பழைய கள்ளத்தொடர்பு உண்டு. தொட்டியை வாஸ்து பார்த்து வைப்பாங்க. மீன் செத்தா, "வீட்டுக்கு வர இருந்த கெடுதியை அது வாங்கிக்கிச்சு"ன்னு சொல்லி நிம்மதியா இன்னொண்ணு வாங்குவாங்க. விக்கிறவனுக்கு இதைவிட வசதியான ஒரு நம்பிக்கையை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. அய்யா, அது உங்க கெடுதியை வாங்கலை. அம்மோனியாவை வாங்கிச்சு.

மீனு மூச்சு விடறப்பவே செவுள் வழியா அம்மோனியாவை வெளியேத்துது. போட்ட தீனில மிஞ்சினது அழுகினா அதுவும் அம்மோனியாதான். கடல்ல இது ஒரு பொருட்டே இல்ல. 50 லிட்டர்ல அதுதான் எமன். இதைத் தின்னு நைட்ரைட்டா மாத்த ஒரு வகை பாக்டீரியா, நைட்ரைட்டைத் தின்னு நைட்ரேட்டா மாத்த இன்னொரு வகை. இந்த ரெண்டும் கல்லு மேலயும் மணல் மேலயும் குடித்தனம் வெச்சுப் பெருகணும். சாதாரணமா நாலு வாரத்துலேர்ந்து ஆறு வாரம் ஆகும். இதைத்தான் சைக்கிள் ஆகிறதுன்னு சொல்றோம். மூணு நாள் மோட்டார் ஓட்டினா தண்ணி சுத்தும், அவ்வளவுதான். பாக்டீரியா என்ன கரண்ட்லயா பிறக்குது?

நன்னீர் மீன் பல வருஷமா வளர்க்கிற ஆளுங்க "நாங்களும்தான் நாலாவது நாள் விடறோம், சாகலையே"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி. பதில் பிஹெச்ல இருக்கு. தண்ணியில அம்மோனியா ரெண்டு ரூபத்துல இருக்கும். ஒண்ணு கொடிய விஷம், இன்னொண்ணு ரொம்பச் சாது. பிஹெச் ஏற ஏற விஷ ரூபத்தோட பங்கு ஏறும். நம்ம கப்பி தொட்டி 7, 7.5ல இருக்கும். கடல் தண்ணி 8.1லேர்ந்து 8.3. அதே அளவு அம்மோனியா, ஆனா விஷம் பல மடங்கு. அதனால கொளத்தூர்ல கப்பியும் மோலியும் வளர்த்த கை அனுபவத்தை அப்படியே இங்க கொண்டுவந்தா உதை விழும். உதை வாங்கறது நாம இல்ல, மீன்.

கொளத்தூரைத் திட்டறேன்னு யாரும் கிளம்பி வந்துடாதீங்க. வண்ண மீன் தொழில்ல அது பேர்போன ஊர். அங்க குளத்துலயும் தொட்டியிலயும் மீனைப் பொரிக்க வெச்சு, வளர்த்து, விக்கிறாங்க. விவசாயம் மாதிரிதான். கடல் மீன் கதை வேற. பெரும்பாலும் கடல்லேர்ந்து பிடிச்சிட்டு வந்ததுதான். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைடு தெளிச்சு மயங்க வெச்சுப் பிடிக்கிற வழக்கமே உண்டு. நீங்க வாங்கற ஒரு கடல் மீனுக்குப் பின்னால, வழியில பைக்குள்ளேயே செத்துப்போன மீன் எத்தனையோ. அதையெல்லாம் தாண்டி உங்க ஹால் வரைக்கும் உயிரோட வந்ததை ஒம்போது நாள்ல கொல்றதுக்குப் பேர் பொழுதுபோக்கா?

சரி, ஊருக்கு உபதேசம் பண்ண நீ யாருன்னு கேப்பீங்க. ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2009ல நான் முதல் தொட்டி வெச்சப்ப எனக்கும் ஒரு அண்ணன் வாய்ச்சார். "மொதல்ல மூணு டாம்சல் விடுங்க தம்பி, டெஸ்ட் மீனு. அது பொழைச்சா தண்ணி ரெடி. செத்தாலும் சீப்தான்." இந்த 'டெஸ்ட் மீன்'ங்கற வார்த்தையைக் கேட்டப்ப எனக்கு உறைக்கலை. ஏதோ தொழில்நுட்பம்னு நினைச்சேன். மூணு நீலக் குட்டி. ரெண்டு நாள்ல செவுள் செவந்து, மேல வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கிச்சு. என் பொண்ணுக்கு அப்ப நாலு வயசு. "அப்பா, அது பாட்டு பாடுது"ன்னா. நானும் ஆமாம்மான்னு சொன்னேன்.

ரெண்டு செத்துச்சு. பொழைச்ச மூணாவது டாம்சல் அந்தத் தொட்டிக்கே தாதாவாயிடுச்சு. அடுத்து விட்ட க்ளவுனை வாலைக் கடிச்சே சாகடிச்சுது. அது அந்த இனத்தோட குணம், அதையும் யாரும் சொல்லலை. அப்புறம் வெள்ளைப் புள்ளி நோய் வந்துச்சு. இன்னொரு அண்ணன் காப்பர் மருந்து கொடுத்தார். நேரா தொட்டியிலேயே ஊத்தினேன். புள்ளி போச்சு. கூடவே இறால், நத்தை, கல்லுல இருந்த குட்டி உயிரெல்லாம் போச்சு. காப்பர்ங்கறது முதுகெலும்பில்லாத ஜீவன்களுக்கு விஷம், கல்லும் மணலும் அதை உறிஞ்சி வெச்சுக்கும், மருந்து கொடுக்கணும்னா மீனைத் தனித் தொட்டிக்கு மாத்திட்டுத்தான் கொடுக்கணும், பெரிய தொட்டியை மீனே இல்லாம ரெண்டு மாசத்துக்கு மேல சும்மா விட்டாத்தான் கிருமி பட்டினியில சாகும். இதெல்லாம் கொன்னு முடிச்சதுக்கு அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. ஆறு மாசத்துல 14 உயிர். ஒரு நோட்டுல தேதியோட எழுதி வெச்சிருக்கேன். சொந்தச் செலவுல சூனியம்னா இதான், ஆனா சூனியம் வெச்சது எனக்கில்ல.

அந்த நோட்டைப் பத்தி இதுவரைக்கும் எங்கயும் எழுதினதில்ல. ஏன் எழுதலை? வெக்கம். நீலக் கலர் லைட்டுல தொட்டி தகதகன்னு மின்னுறப்ப நாலு படம் பிடிச்சுப் போட்டேன். "சூப்பர் தல", "கலக்கல்"னு வந்துச்சு. குப்பைக்கூடையில போட்டதை யாரும் படம் பிடிக்கிறதில்ல. கடல் தொட்டி வெச்சிருக்கிற நம்ம ஆளுங்க அத்தனை பேரும் பண்றது இதான். படம் போடறோம், சாவை எழுதறதில்ல. என் மச்சினன் கடைக்காரரை மட்டும் நம்பி ஏமாறலை. நான் போட்ட படத்தைப் பார்த்துத்தான் கடைக்கே போனான். "மாமா வீட்ல இருக்கிற மாதிரி வேணும்"னு கேட்டிருக்கான். என்னத்தச் சொல்ல.

சரி, தண்ணிக்கு வருவோம். ஏன்னா இது மீன் வளர்க்கிற வேலையே இல்ல, தண்ணி வளர்க்கிற வேலை.

"கடல் பக்கத்துலதானே இருக்கு, ரெண்டு கேன் எடுத்துட்டு வந்தா ஆச்சு"ன்னு சொல்ற புண்ணியவான்கள் இருக்காங்க. மெரினா பக்கத்துல கூவம் கலக்குது, பெசன்ட் நகர்ப் பக்கத்துல அடையாறு கலக்குது. அந்தத் தண்ணியில காலை நனைக்கறதுக்கே யோசிக்கணும். அடுத்த கோஷ்டி, "தூத்துக்குடி கல் உப்பைக் கரைச்சா கடல் தண்ணிதானே?" இது கேக்க ரொம்ப நியாயமா இருக்கும். ஆனா உப்பளத்துல என்ன நடக்குதுன்னு பாருங்க. கடல் தண்ணி சுண்டச் சுண்ட, முதல்ல சுண்ணாம்பும் ஜிப்சமும் கீழ படிஞ்சுடும். அதுக்கப்புறம்தான் நாம சாப்பிடற உப்பு படிகமாகும். மக்னீசியம் எல்லாம் கடைசியில மிஞ்சற கசப்புத் தண்ணியிலயே நின்னுடும். ஆக, கல் உப்புங்கறது கடல்லேர்ந்து சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கழிச்சுட்டு மிஞ்சினது. பவளத்துக்கு உயிர்நாடியே கழிச்சுவிட்ட அந்த ரெண்டும்தான். கால்சியம் 400லேர்ந்து 450 பிபிஎம், மக்னீசியம் 1300 பக்கம் இருக்கணும். அதனாலதான் அதுக்குன்னு தயாரிச்ச உப்புக் கலவையை வாங்கறோம். அதைக் கரைக்கிற தண்ணியும் குழாய்த் தண்ணியா இருக்கக் கூடாது. சென்னை போர்த் தண்ணியில டிடிஎஸ் 1000ஐத் தாண்டறதெல்லாம் சர்வ சாதாரணம். ஆர்ஓவுல வடிகட்டி, அதுக்கு மேல ரெசின்லயும் விட்டு, மீட்டர்ல பூஜ்யம் காட்டணும். குடிக்கிற கேன் தண்ணியில ஏற்கனவே என்ன கலந்திருக்குன்னு நமக்குத் தெரியாது.

மச்சினனுக்குக் கடையில சொன்ன இன்னொரு அட்வைஸ் இருக்கு. இதைக் கேட்டதும் எனக்குக் கண்ணைக் கட்டிடுச்சு. "தண்ணி குறைஞ்சா உப்புத் தண்ணி கலந்து ஊத்துங்க."

தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஏழாங்கிளாஸ் பாடம். சென்னை வெயிலுக்கு ஃபேன் போட்டா இந்தச் சின்ன தொட்டியிலேயே நாளைக்கு ஒண்ணரை லிட்டர் போகும். அந்த ஒண்ணரை லிட்டரை உப்புத் தண்ணியா ஊத்தினா தினமும் 50 கிராம் உப்பு கூடுதலா சேருது. பத்து நாள்ல அரைக் கிலோ. 50 லிட்டர்ல அரைக் கிலோன்னா லிட்டருக்கு 10 கிராம். 35ல ஆரம்பிச்ச உப்பு 45க்குப் போயிடும். ஊறுகாய் ஜாடிதான் அது. குறையற தண்ணிக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும், அதுவும் அந்தப் பூஜ்யம் டிடிஎஸ் தண்ணி. இதைக்கூடச் சொல்லாம ஒருத்தர் கடல் மீன் விக்கிறார்னா, ஒண்ணு அவருக்கே தெரியலை, இல்ல, நீங்க மறுபடி வரணும்னு எதிர்பார்க்கறார்.

உப்பை அளக்க ரெஃப்ராக்டோமீட்டர் வாங்குங்க. முள் ஆடற பிளாஸ்டிக் டப்பாவை நம்பாதீங்க. உள்ள ஒரு காத்துக்குமிழி ஒட்டினாலே பொய் சொல்லும்.

ரெண்டாவது வாரத்துல கண்ணாடியெல்லாம் பழுப்பா ஒரு படலம் வரும். டயட்டம். அது போனா பச்சை. அது போக இன்னொண்ணு. எல்லாத் தொட்டிக்கும் இந்தக் கண்றாவி பருவம் உண்டு, தானா அடங்கும். மச்சினன் போன் பண்ணிக் கேட்டதுக்குக் கடைல சொன்ன வைத்தியம்தான் எனக்கு உண்மையிலேயே வயித்தைக் கலக்கிச்சு. "கல்லை எடுத்துக் கொதிக்கற தண்ணியில போட்டு எடுங்க சார், பளிச்சுன்னு ஆயிடும்."

மக்களே, இந்த ஒரு பத்தியை மட்டுமாவது மனசுல வெச்சுக்குங்க. கடல் பாறையைக் கொதிக்க வைக்கவே கூடாது. கல்லுல பட்டன் மாதிரி ஒட்டிட்டு இருக்கிற ஸோவான்தட்னு ஒரு ஜீவன் இருக்கு. அதுல சில வகைகள்ல பாலிடாக்ஸின்னு ஒரு விஷம் உண்டு. இயற்கையில இருக்கிற கடும் விஷங்கள்ல ஒண்ணு. கொதிக்க வெச்சா ஆவியோட கிளம்பும். மூச்சுல போனா நெஞ்சடைப்பு, காய்ச்சல், ஆஸ்பத்திரி. வெளிநாட்டுல வீட்டோட மொத்தமா ஆஸ்பத்திரில சேர்ந்த கேஸெல்லாம் மருத்துவ இதழ்கள்ல வந்திருக்கு. நல்லவேளை, என் மச்சினன் சோம்பேறி. அடுப்படி வரைக்கும் கல்லைத் தூக்கிட்டுப் போகலை. வீட்ல கைக்குழந்தை இருக்கு.

இப்ப அந்தப் பவளத் துண்டு. இங்கதான் நம்ம ஆளுங்க பாதிப்பேர் என்னோட சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும்.

இந்தியாவுல கல் பவளம் அத்தனையும் 2001லேர்ந்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட முதல் பட்டியல்ல இருக்கு. புலி இருக்கிற அதே பட்டியல். கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் அதுல உண்டு. எடுக்கறது குத்தம், விக்கறது குத்தம், செத்த கூட்டை ஷோகேஸ்ல வெக்கறதும் குத்தம். கடையில கேட்டா "இம்போர்ட்டட் சார், ஒண்ணும் ஆகாது"ன்னு ஒரு சிரிப்பு. கல் பவளம் முழுக்க சைட்டீஸ் ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல இருக்கு, ஒரு நாட்டை விட்டு வெளியே போகணும்னாலே காகிதம் வேணும். அந்தக் காகிதத்தைக் காட்டுங்கன்னு கேளுங்க. சிரிப்பு நின்னுடும்.

நானும் யோக்கியன் இல்ல. 2011ல 15 கிலோ 'லைவ் ராக்' வாங்கினேன். ஈரச் சாக்குல சுத்தி வந்துச்சு. பிரிச்சா கடல் வாசனை. குட்டி நண்டு, பாசி, ஓரமா விரல் நகம் அளவுக்குப் பவளம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டே இருந்தேன், அவ்வளவு சந்தோஷம். "எங்கேர்ந்துண்ணே வருது?"ன்னு கேட்டேன். "தெக்கேர்ந்து"ன்னார். அதுக்கு மேல நான் கேக்கலை. கேட்டா வாங்க முடியாதுன்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கு.

தெக்கேன்னா மன்னார் வளைகுடாதான் வேறென்ன? தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல 21 தீவு. 1986ல கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க, 1989ல உயிர்க்கோளக் காப்பகம். அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் வருஷக்கணக்கா அங்க முருகைக்கல்லை வெட்டி வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் ஏத்தினாங்க. பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தீவு இப்ப தண்ணிக்கு மேலேயே இல்ல. அலையைத் தடுத்துட்டு இருந்த பாறையை வெட்டினா தீவு கரையத்தான் செய்யும். தேங்காய் அளவுக்கு ஒரு உருண்டைப் பவளம் வளர 10, 20 வருஷம் ஆகும். மச்சினன் தொட்டியில அது வெளுக்க ஒரு வாரம் ஆச்சு.

வெளுக்கறதுன்னா என்ன? பவளத்தோட சதைக்குள்ள ஒரு நுண்பாசி வாழுது. வெயிலைச் சாப்பிட்டு, சமைச்சு, பவளத்துக்குப் போடறது அதுதான். கலரும் அதோடதுதான். தண்ணி சூடு 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்குல நின்னா, பவளம் அந்தப் பாசியை வெளியே துப்பிடும். வெள்ளை எலும்பு தெரியும். பட்டினி. மன்னார் வளைகுடாவுல 2010லயும் 2016லயும் பெரிய அளவுல நடந்துச்சு. 2024ல நாலாவது உலகளாவிய வெளுப்புன்னு விஞ்ஞானிகள் அறிவிச்சாங்க. கடலே தாங்காத சூட்டை, சில்லர் இல்லாத நம்ம ஹால்ல மே மாசம் 32 டிகிரியில வெச்சுட்டு, "லைட் சரியில்லையோ"ன்னு லைட்டை மாத்திட்டு இருக்கோம். ஃபேன் காத்து ரெண்டு மூணு டிகிரி குறைக்கும், புழுக்கமான நாள்ல அதுவும் கிடையாது.

"வெளிநாட்டுல எல்லாம் வீட்லயே பவளத்தைத் துண்டு போட்டு வளர்த்து ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கிறாங்களே, பவளம் வளர்க்கிற வித்தையே அவங்ககிட்டேர்ந்துதானே வந்துச்சு?" உண்மை. முழுசா ஒத்துக்கறேன். அங்க ஒரு துண்டு எந்தத் தாய்ச் செடியிலேர்ந்து வந்துச்சுன்னு பத்து வருஷம் பின்னால போய்ச் சொல்லுவான். உங்க துண்டோட தாய் எங்க இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்.

"மீனவன் வயித்துல அடிக்கிறியா?" இதுதான் கடைசி ஆயுதம். முத்துக்குளிச்ச மாதிரி மூச்சடக்கி இறங்கி எடுக்கறவன் கைக்குப் போறது என்ன, உங்ககிட்ட வாங்கறது என்னன்னு ஒரு தடவை கணக்குப் போட்டுட்டு வாங்க, பேசலாம். மாட்டினா கேஸும் அவன் மேலதான், உங்க மேல இல்ல. க்ளவுன் மீனைத் தொட்டியிலேயே பொரிக்கிற வித்தை நம்ம கரையிலேயே இருக்கு. மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல பண்ணியிருக்காங்க, பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல பண்ணியிருக்காங்க. அந்த வித்தை கரையோரக் குடும்பங்களுக்குப் போனா அது பொழப்பு. பண்ணை மீனைக் கேட்டு வாங்கறவன் இருந்தாத்தான் போகும். பண்ணையில பொரிச்சது தீனிக்குப் பழகியிருக்கும், நோய் குறைவு, சாகறதும் குறைவு. ரெண்டு காசு அதிகம், அவ்வளவுதான். டோரிக்கு அந்த வழியும் பெருசா இல்ல. முதன்முதலா தொட்டியில பொரிச்சதே 2016லதான், அமெரிக்காவுல ஆராய்ச்சிக்கூடத்துல.

"சிக்கன் சாப்பிடற நீ பேசலாமா?" சாப்பிடறேன் சாமி. கோழியை அழகுக்குன்னு வாங்கி, ஹால்ல வெச்சு, மூச்சுத் திணற விட்டு, சொந்தக்காரங்களுக்குக் காட்டறதில்ல.

"அப்ப நீ மட்டும் ஏன் இன்னும் வெச்சிருக்க?" இது தங்கமணி கேட்ட கேள்வி. இதுக்குத்தான் என்கிட்ட சரியான பதில் இல்ல. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்க தெருவுல மூணு நாள் கரண்ட் இல்ல. அப்ப 4 அடி தொட்டி, 250 லிட்டர் பக்கம். பம்ப் நின்னா தண்ணியில ஆக்சிஜன் இறங்க ஆரம்பிச்சுடும். பேட்டரியில ஓடற ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வெக்கணும்னு எனக்குத் தோணினதே இல்ல. ராத்திரி பூரா நானும் பொண்ணும் முறை போட்டு, சொம்புல தண்ணியை அள்ளி அள்ளி ஒசரத்துலேர்ந்து ஊத்திட்டே இருந்தோம். மெழுகுவத்தி வெளிச்சம், வெளிய மரம் விழுற சத்தம். ரெண்டாம் நாள் விடிகாலை அவ சொம்பைக் கையில வெச்சுட்டே தூங்கிட்டா. எட்டு மீன்ல ஒண்ணுதான் மிஞ்சிச்சு. 2013ல வாங்கின ஒரு பண்ணைக் க்ளவுன். அது இன்னும் என்கிட்ட இருக்கு. அதுக்காகத்தான் தொட்டியும் இருக்கு. பேரு நீமோ. இப்ப பொம்பளை. (நக்கல் இல்ல. க்ளவுன் மீன் எல்லாம் ஆணாத்தான் வளரும், ஜோடியில பெருசானது பெண்ணா மாறும். சினிமாவுல அம்மா செத்ததும் அப்பா மீனு அம்மாவா மாறியிருக்கணும். எடுத்தவங்க சாமர்த்தியமா விட்டுட்டாங்க.) துணைக்கு இன்னொரு பண்ணைக் க்ளவுன், காய்ஞ்ச கல்லு, நாலு நத்தை. பவளம் இல்ல. வர்ற ஆளுங்க "என்ன சார், காலியா இருக்கு"ங்கறாங்க. இருக்கட்டும்.

என் பழைய படங்களைப் பார்த்துட்டு ஆசைப்பட்டவங்க யாராவது இருந்தா, அந்த 14 பேர் லிஸ்ட்டை அடுத்த பதிவுல தேதியோட போடறேன். கடல் தொட்டி வெச்சிருக்கிற மத்த பதிவர்களும் அவங்கவங்க லிஸ்ட்டைப் போடுங்க. சங்கிலித் தொடர் பதிவு மாதிரி வெச்சுக்கலாம். சினிமாவுக்கும் புத்தகத்துக்கும் எத்தனை சங்கிலி ஓட்டினோம், இதுக்கு ஒண்ணு ஓட்டினா குறைஞ்சா போயிடுவோம்? முதல்ல கூப்பிடறது யாரைன்னு உங்களுக்கே தெரியும். மறைஞ்சுக்காதீங்க அண்ணாச்சி.

பி.கு: அந்த ஞாயிறுலேர்ந்து இந்தப் பதிவை எழுதி முடிக்க மூணு வாரமாச்சு. மச்சினன் அந்தப் பவளக் கூட்டைக் கொண்டுபோய்க் கடையிலேயே கொடுத்துட்டான். காசு திரும்ப வரலை, "வேற மீன் தர்றோம்"னாங்களாம், வேணாம்னுட்டான். தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணி கலக்கி, ஒரு சின்ன இறாலை உள்ள அழுக விட்டு, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கான். இன்னைக்கு 19வது நாள். அம்மோனியா இறங்கிடுச்சு, நைட்ரைட் இன்னும் இருக்கு. உப்புத் தண்ணியில நைட்ரைட் அவ்வளவா மீனைக் கொல்லாது, ஆனா அது இருக்கிற வரைக்கும் வேலை முடியலைன்னு அர்த்தம். "மாமா, இன்னும் எவ்வளவு நாள்?"னு தினமும் மெசேஜ். நேத்து மட்டும் வேற மெசேஜ். அந்தச் சாமந்தி ஒட்டியிருந்த கல்லுக்கு அடியிலேர்ந்து ராத்திரி கம்பளிப்பூச்சி மாதிரி ஒரு புழு வெளிய வந்து மிச்சம் மீதியைத் தின்னுட்டு உள்ள போகுதாம். கையால தொடாதே, முள்ளு குத்தும், மத்தபடி நல்லவன், குப்பை பொறுக்கறவன்னு சொன்னேன். கைப்புள்ளன்னு பேர் வெச்சிருக்கானாம். லைட்டை அணைச்சுட்டு டார்ச்சோட உக்காந்திருக்கானாம், அவன் பொண்டாட்டி திட்டறா.